சோதனைக்கும் ஒரு சோதனை

2024ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரப்படி நண்பகல் 12.09 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் எனும் அமெரிக்க இணையப் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. புதிய வகைத் தாக்குதல்களை அடையாளம் காண உதவும் வழக்கமான கோப்புதான் அது. பெற்றுக்கொண்ட கணினிகளின் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீல நிறமாயின. மறுபடி இயக்கினால் மறுபடியும் நீலத் திரை. நிறுவனம் தவற்றை அறிந்து 78 நிமிடங்களில் அக்கோப்பை மீட்டுக்கொண்டது. எனினும் அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் முடங்கிவிட்டன என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது.

கிள்ளான் பள்ளத்தாக்கும் தப்பவில்லை. சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் ஏர் ஆசியா பயணிகள் நீண்ட வரிசையில் நிற்க, ஊழியர்கள் கையாலேயே பயணப் பதிவுகளைச் செய்தனர். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறிப் பிரிக்பீல்ட்ஸின் கே.எல். சென்ட்ரலில் இறங்குவோர் நன்கறிந்த கே.டி.எம். நிறுவனத்தின் டிக்கெட் விற்பனை முறையும் தடைப்பட்டது. நாட்டில் ஐந்து அரசு அமைப்புகளும், விமானப் போக்குவரத்து, வங்கி, மருத்துவம் ஆகிய துறைகளைச் சேர்ந்த ஒன்பது நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் மின்னிலக்க அமைச்சர் கோபிந்த் சிங் டியோ தெரிவித்தார்.

ஒரே ஒரு கோப்பு எப்படி இத்தனை கணினிகளைச் சாய்த்தது? அந்தப் பாதுகாப்பு மென்பொருள் கெர்னலின் உள்ளே இயங்கியதே காரணம். கெர்னல் என்பது இயங்குதளத்தின் உள்மையம். நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது, கோப்புகளைத் திறப்பது, விசைப்பலகையும் திரையும் பேசிக்கொள்ள வழிசெய்வது எல்லாம் அதன் பணி. சாதாரணச் செயலி ஒன்று தடுமாறினால் அச்செயலி மட்டுமே மூடப்படும். கெர்னலுக்குள் தடுமாற்றம் நேர்ந்தால் கணினியே நின்றுவிடும். மேலும் சேதம் ஆகாதிருக்க அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கூரை ஓடு உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம், நடுத்தூண் சாய்ந்தால் வீடு நிற்குமா?

அந்நிறுவனம் சோதிக்காமல் அனுப்பிவிட்டது என்றே பலரும் அன்று பேசினர். அது முழு உண்மையன்று. ஆகஸ்ட் 6ஆம் நாள் வெளியான அதன் ஆய்வறிக்கை வேறொரு செய்தியைச் சொன்னது. சோதனைகள் நடந்திருந்தன, அவற்றில் வெற்றியும் கிடைத்திருந்தது. அந்தச் சோதனைகளில்தான் ஓட்டை இருந்தது.

நடந்தது இதுதான். புதிய வகைக் கோப்பில் 21 உள்ளீடுகளுக்கு இடம் வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் கெர்னலுக்குள் இருந்த நிரல் 20 உள்ளீடுகளை மட்டுமே கொண்டுவந்து கொடுத்தது. சோதனையின்போது 21ஆவது இடத்தில் 'எதுவாக இருந்தாலும் சரி' என்ற பொதுக்குறி போடப்பட்டிருந்தது. எதுவாக இருந்தாலும் சரி என்றால் அந்த இடத்தை எட்டிப் பார்க்கவே தேவையில்லை அல்லவா? ஆகவே, இல்லாத 21ஆவது உள்ளீட்டை யாரும் தேடவில்லை. அடுத்த சில மாதங்களில் வெளியான கோப்புகளிலும் அதே பொதுக்குறிதான். ஜூலை 19இல் அனுப்பிய கோப்பில்தான் முதன்முறையாக 21ஆவது இடத்தில் குறிப்பான ஒரு நிபந்தனை இருந்தது. நிரல் அதைத் தேடிச் சென்றது, தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்டது, கணினி நின்றது. அனுப்புவதற்கு முன் கோப்பைச் சரிபார்க்கும் மென்பொருள் ஒன்றும் இருந்தது. அதுவும் 21 உள்ளீடுகள் வரும் என்று நம்பியே 'சரி' என்றது.

பள்ளிச் சோதனையில் மாணவர் விடையை ஆசிரியர் திருத்துகிறார். அவர் கையிலுள்ள விடைக்குறிப்பே பிழையாக இருந்தால் என்ன ஆகும்? சரியான விடைக்குப் புள்ளி கிடைக்காது என்பது ஒரு தீங்கு. அதனால் நன்மையும் உண்டு. மாணவர் முறையிடுவார், பிழை வெளிப்படும். தவறான விடைக்கு முழுப் புள்ளி கிடைப்பது இன்னொரு தீங்கு. இதில் யாரும் முறையிடமாட்டார்கள்! மென்பொருள் உலகில் அதிகம் அஞ்சப்பட வேண்டியது இந்த இரண்டாம் வகைதான்.

சோதனை நிரலில் வழு ஏற்பட்டால் அதைத் திருத்துவது யார், அந்தத் திருத்தத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பது யார்? இப்பணி எல்லார் கண்முன்னும் நடைபெறும் இடம் லினக்ஸ் கெர்னல். பின்லாந்தின் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய அந்தக் கெர்னல், இன்று ஒவ்வோர் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் இயங்குகிறது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட நிரல் வரிகள். ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன.

இந்தக் கெர்னலோடு சேர்ந்தே சோதனை நிரல்களும் வளர்கின்றன. கேசெல்ஃப்டெஸ்ட் என்பது வெளியிலிருந்து கெர்னலை அழைத்துப் பார்க்கும் தொகுப்பு. கேயூனிட் என்பது உள்ளிருந்தபடி சிறு சிறு பகுதிகளைச் சோதிப்பது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 5.5ஆம் பதிப்பிலிருந்து அது கெர்னலில் இடம்பெற்றுள்ளது. கேசெல்ஃப்டெஸ்ட்டின் பராமரிப்பாளர் ஷுவா கான் எனும் பெண் பொறியாளர். திருத்தம் செய்ய விரும்புபவர் தம் மாற்றத்தை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். எந்தப் பழைய மாற்றத்தால் வழு நுழைந்தது என்பதை 'ஃபிக்ஸஸ்' என்ற வரியில் குறிப்பிட வேண்டும். படித்து ஒப்பியவர் 'ரிவ்யூட்-பை' என்றும், ஓட்டிப் பார்த்தவர் 'டெஸ்டட்-பை' என்றும் தம் பெயரைச் சேர்ப்பர். பெயர் போட்டவர் பொறுப்பேற்கிறார் என்று பொருள். பின்னாளில் அந்த வரியில் சிக்கல் எழுந்தால் யாரைக் கேட்பது என்று தேட வேண்டியதில்லை.

இவ்வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. பழங்காலத்தில் நூல் எழுதியவர் அதனை அவையில் அரங்கேற்ற வேண்டும். அவையோர் எழுப்பும் தடைகளுக்கு விடை சொல்ல வேண்டும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகிறது. அதங்கோட்டாசானுடைய வேலையைத்தான் கெர்னலின் மறுசீராய்வாளர் இன்று மின்னஞ்சலில் செய்கிறார். அரசவை மட்டும் இல்லை.

மறுசீராய்வாளர் எதைப் பார்க்கிறார்? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு சோதனை நிரல் கெர்னலிடம் ஒரு வேலையைச் சொல்கிறது. வேலை முடியாவிட்டால் கெர்னல் சுழியத்தைவிடக் குறைந்த எண்ணைத் திருப்பித் தரும். சோதனை நிரல் அவ்வெண்ணை ஒரு மாறியில் வாங்கி, 'இது சுழியத்தைவிடக் குறைவா?' என்று கேட்கிறது. பார்ப்பதற்கு எல்லாம் சரிதான். ஆனால் அந்த மாறியோ குறை எண்களை ஏற்காத வகையைச் சேர்ந்தது. அதற்குள் -1 போனால் மிகப் பெரிய நேர் எண்ணாக மாறிவிடும். எனவே, கேள்விக்கு எந்நாளும் 'இல்லை' என்பதே விடை. கெர்னல் வேலையை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் சோதனை வெற்றி என்றே அறிவிக்கும். பல ஆண்டுகள் இப்படியே ஓடலாம். பச்சை விளக்கு எரியும் இடத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

இதற்குரிய திருத்தம் ஒரே ஒரு சொல்தான்: மாறியின் வகையை மாற்றுவது. ஆனால் நல்ல மறுசீராய்வாளர் அச்சொல்லைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போகமாட்டார். திருத்திய பின் இந்தச் சோதனை தோற்கிறதா என்று கேட்பார். ஆம், தோற்கிறதா என்றுதான். கெர்னலில் வேண்டுமென்றே ஒரு வழுவை நுழைத்து, சோதனை அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது இத்துறையின் பழைய வழக்கம். தோற்கத் தெரியாத சோதனையின் வெற்றிக்கு மதிப்பில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி இன்னொன்று உண்டு. ஒரு சோதனை திடீரென்று தோற்கிறது. வழு சோதனையில் உள்ளதா, கெர்னலில் உள்ளதா? கேசெல்ஃப்டெஸ்ட்டில் ஒரு சோதனைக்குப் பொதுவாக 45 நொடி கால வரம்பு உண்டு. ஒரு சோதனை 50 நொடி எடுத்துக்கொண்டு தோல்வியுறுவதாக வைத்துக்கொள்வோம். வரம்பை 90 நொடியாக உயர்த்தினால் உடனே வெற்றி கிடைத்துவிடும். வேகம் குறைந்த கணினியில் அது நியாயமான திருத்தமே. நேற்றுவரை 20 நொடியில் முடிந்த சோதனை இன்று 50 நொடி எடுக்கிறது என்றால் கதை வேறு. கெர்னலில் ஏதோ மந்தமாகிவிட்டது. வரம்பை உயர்த்துவது காய்ச்சல் காட்டும் வெப்பமானியை உடைப்பதற்குச் சமம். இரண்டு நிலைகளிலும் மாறுகின்ற வரி ஒன்றே. வரியை மட்டும் படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. அதனால்தான் 'ஏன் இந்த மாற்றம்?' என்ற விளக்கம் இல்லாத திருத்தங்களைப் பராமரிப்பாளர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். புதியவர்கள் பலர் இதனால் மனம் வருந்துவதுண்டு. ஒரு வரி மாற்றத்துக்கு ஒரு பத்தி விளக்கமா என்று சலித்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அந்தப் பத்திதான் பல வேளைகளில் மாற்றத்தைவிட முக்கியமானது.

இலக்கணம் பயின்ற மாணவருக்கு இங்கே ஒரு செய்தி பழக்கமானதாகத் தோன்றும். நிரலில் உள்ள பிழைக்குத் தமிழ்க் கணினியாளர் 'வழு' என்னும் இலக்கணச் சொல்லையே எடுத்துக்கொண்டனர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு வகைப்படும். அதோடு வழுவமைதி என்ற ஒன்றும் உண்டு. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் இலக்கணப்படி திணை வழுதான். ஆனாலும் அன்பு மிகுதியால் சொன்னதால் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. சோதனை நிரலிலும் வழுவமைதி நிறைய உண்டு. இல்லாத கோப்பைத் திறக்கச் சொல்வது, தவறான நினைவக முகவரியைக் கொடுப்பது போன்றவற்றை அது வேண்டுமென்றே செய்யும். கெர்னல் அதை மறுக்கிறதா என்று பார்ப்பதே நோக்கம். பிழை தேடும் கருவி அங்கே எச்சரிக்கை எழுப்பும். ஆர்வமுள்ள ஒருவர் அதை நம்பி, தவறான முகவரியைச் சரியான முகவரியாகத் 'திருத்தி' அனுப்பினால், சோதனையின் உயிரே போய்விடும். எது வழு, எது வழுவமைதி என்று பிரித்தறிவது கருவியால் ஆகாத வேலை. அதற்கு நோக்கத்தை அறிந்த மனிதர் வேண்டும்.

சோதனைப் பகுதியை யாரும் கூர்ந்து படிப்பதில்லை என்பதைத் தீயவர்களும் அறிந்திருக்கிறார்கள். 2024 மார்ச் 29இல் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் அதற்குச் சான்று. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் அந்த மென்பொருளில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் நீண்ட காலம் உதவியாளராக இருந்து நம்பிக்கையைப் பெற்றார். பிறகு கணினிக்குள் கள்ளத்தனமாக நுழையும் வழியை அதில் மறைத்து வைத்தார். எங்கே மறைத்தார்? சோதனைக்கென்று வைக்கப்பட்ட இரண்டு தரவுக் கோப்புகளில்! சுருக்கப்பட்ட கோப்பு என்பதால் திறந்து படித்தாலும் கண்ணுக்கு ஒன்றும் விளங்காது. சோதனைக் கோப்பு என்பதால் யாரும் ஐயுறவும் இல்லை. அண்ட்ரேஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விட்டுவிடாமல் தோண்டிப் பார்த்ததால், பெரும்பாலான கணினிகளுக்குப் பரவும் முன்பே சதி வெளிப்பட்டது.

இத்தகைய வேலையைத் தொடங்க முதுநிலைப் பட்டம் தேவையில்லை. கெர்னலின் நிரல்கள் அனைத்தும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. பழைய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, சோதனைத் தொகுப்பை ஓட்டி, எவை வென்றன, எவை தோற்றன, எவை தாண்டப்பட்டன என்று பட்டியலிடலாம். தாண்டப்பட்டவை தனிக் கவனத்துக்குரியவை. தேவையான வசதி கணினியில் இல்லாதபோது சோதனை 'தோல்வி' என்றும் சொல்லக்கூடாது, 'வெற்றி' என்றும் சொல்லக்கூடாது. 'தாண்டினேன்' என்றே சொல்ல வேண்டும். கேசெல்ஃப்டெஸ்ட்டில் அதற்கென 4 என்ற எண் ஒதுக்கப்பட்டுள்ளது. வெற்றிக்கு 0, தோல்விக்கு 1. தாண்ட வேண்டிய இடத்தில் 0 தரும் சோதனைகளைக் கண்டுபிடித்து 4 ஆக்குவது புதியவர்கள் பலர் முதன்முதலில் அனுப்பும் திருத்தங்களுள் ஒன்று. மாறுவது ஓர் எண்தான். அதன் பிறகு, சோதிக்கப்படாத ஒரு பகுதி சோதிக்கப்பட்டதாகக் கணக்கில் வராது.