உல்லாசப் பயணமும் பங்குக் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் கணித மாணவன் ஒருவன்)

முன்னுரை

கோடை பிறந்தால் சமவெளி மக்கள் குளிர்ச்சி நாடி நீலகிரிக்கு ஏறி வருகின்றனர். நீலகிரியில் வாழும் நாமோ அதே கோடையில் மலையை விட்டு இறங்குகிறோம். எங்கள் பிக்கட்டியில் வாளித் தண்ணீரில் கை வைக்கவே மனம் துணியாது. ஆதலின் தண்ணீரில் குதித்து விளையாடும் ஆசை மலைப்பிள்ளைகளுக்குச் சற்று அதிகம். மேட்டுப்பாளையத்துக்கு அருகே, ஊட்டிச் சாலையில், மலையடிவாரத்தில் உள்ள பிளாக் தண்டர் நீர் விளையாட்டுப் பூங்காவே எங்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள சொர்க்கம்.

அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டு டிஸ்னிலாந்து திறக்கப்பட்ட பின், இத்தகைய பூங்காக்கள் உலகெங்கும் பெருகின. நம் பக்கத்தில் சென்னைத் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா 1995இல் வந்தது. கொச்சியில் வீகாலேண்ட் 2000இல் வந்தது. இன்று அதன் பெயர் வொண்டர்லா. இவற்றில் உள்ள ஊஞ்சல்களையும் சறுக்குகளையும் பற்றி எழுதுவது என் நோக்கமன்று. அங்கே போய்வரும் செலவை உறவினரும் நண்பரும் எவ்வாறு பங்கிட்டுக் கொள்வது என்பதை, நான் கற்கும் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கணக்கில் பிழை நேர்ந்தால் பணம் மட்டும் போவதில்லை. மனிதர் மனமும் போகிறது.

தலைக்கு இவ்வளவு

நாம் அனைவரும் அறிந்த முறை சம பங்கு முறை. மொத்தச் செலவைத் தலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது. கணக்கு எளிது, சண்டை வராது என்பர். ஆனால் இதில் இரண்டு குறைகள் உள்ளன.

முதற்குறை, செலவைப் பெருக்கும் தன்மை. பத்துப் பேர் சேர்ந்து உண்டு, பில்லைச் சமமாகப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். நான் நூறு ரூபாய்க்கு ஐஸ்கிரீம் வாங்கினால் என் பையிலிருந்து போவது பத்து ரூபாய்தான். மற்ற தொண்ணூறும் பிறர் தலையில். எனவே தேவையில்லாவிட்டாலும் வாங்கத் தோன்றும். இதே எண்ணம் பத்துப் பேருக்கும் தோன்றும். உரி நீசி, எர்னன் ஹருவி, ஹடாஸ் யாஃபே ஆகிய மூவரும் இஸ்ரேல் நாட்டு உணவகம் ஒன்றில் ஆறு ஆறு பேராக மாணவர்களை அமர்த்தி இதனைச் சோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டனர். தத்தம் பில்லைத் தாமே கொடுத்தவர்களைவிட, சமமாகப் பிரித்துக் கொண்டவர்கள் அதிகம் உண்டனர் என்பதே அவர்கள் கண்ட முடிவு.

இரண்டாம் குறை, இல்லாதவனை வெளியே நிறுத்தும் தன்மை. முதலாண்டில் எங்கள் நண்பர் குழு பூங்காவுக்குச் செல்லத் திட்டமிட்டது. தலைக்கு இவ்வளவு என்று ஒருவன் அறிவித்தான். எல்லோரும் கை தூக்கினோம். புறப்படும் நாளன்று ஒரு நண்பன் வரவில்லை. காய்ச்சல் என்று செய்தி வந்தது. மறுநாள் அவன் வகுப்புக்கு நன்றாகவே வந்தான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் மட்டும் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏனெனில் அந்தக் காய்ச்சலை நான் அறிவேன். பத்தாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கேட்டபோது, 'எனக்குத் தண்ணீர் என்றால் பயம்' என்று சொல்லி உட்கார்ந்தவன் நான். என் தாயார் பிறர் தோட்டத்தில் பச்சைத் தேயிலை பறிப்பவர். அந்த மாதம் மழையில் வேலை குறைவு. அவரிடம் கேட்டால் எப்படியும் கடன் வாங்கித் தந்துவிடுவார் என்ற பயமே எனக்கு இருந்தது. தண்ணீர்ப் பயம் அன்று.

பயனுக்கு ஏற்ற பங்கு

அனுபவித்தவர் கொடுக்கட்டும் என்பது அடுத்த முறை. டிஸ்னிலாந்திலேயே தொடக்க காலத்தில் சீட்டுப் புத்தகம் விற்றனர். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். 1982இல் அம்முறை கைவிடப்பட்டது. இன்று பெரும்பாலான பூங்காக்களில் வாயிலிலேயே ஒரே கட்டணம். இதனால் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கே நட்டம். சறுக்கில் ஏறாமல், மரத்தடியில் துண்டுகளையும் செருப்புகளையும் காவல் காக்கும் பாட்டிக்கும் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டை அவர் குடும்பத்தின் கணக்கில் சேர்ப்பது முறையன்று. அவர் காப்பது எல்லோருடைய செருப்புகளையும் அல்லவா! எனவே காவல் இருப்பவர் சீட்டைப் பொதுச் செலவில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பல பூங்காக்களில் குழந்தைகளுக்கு உயரத்தை வைத்துக் கட்டணம் குறைகிறது. அந்தச் சலுகையின் பயன் அக்குழந்தையின் வீட்டாருக்கே சேர வேண்டும்.

தூரத்துக்கு ஏற்ற பங்கு

இனி வண்டிக் கூலிக்கு வருவோம். இதுவே சிக்கலானது. சென்ற மே மாதம் மூன்று குடும்பங்கள் ஒரே வேனில் சென்றோம். நாங்கள் பிக்கட்டியில் ஏறினோம். சித்தப்பா வீட்டார் குன்னூரில் ஏறினர். அத்தை வீட்டார் பர்லியாரில் ஏறினர். கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு முழு எண்களாகக் கொள்வோம். போய்வர, பிக்கட்டியிலிருந்து வேன் வாடகை 9,000 ரூபாய். சித்தப்பா தனியே குன்னூரிலிருந்து எடுத்தால் 6,000. அத்தை தனியே பர்லியாரிலிருந்து எடுத்தால் 3,000. மூவரும் சேர்ந்தால் மொத்தம் 9,000 மட்டுமே. யார் எவ்வளவு கொடுப்பது?

அமெரிக்கக் கணித அறிஞர் லாயிட் ஷேப்லி 1953இல் இத்தகைய வினாவுக்கு ஒரு விடை கண்டார். 2012இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர் வழி இது: மூவரும் ஒருவர்பின் ஒருவராகக் கூட்டுக்குள் சேர்வதாக எண்ணுக. ஒவ்வொருவரும் சேரும்போது செலவு எவ்வளவு கூடுகிறதோ அது அவர் பொறுப்பு. மூவர் சேரும் வரிசைகள் மொத்தம் ஆறு. ஆறிலும் வரும் தொகைகளின் சராசரியே அவரவர் பங்கு.

அத்தையை எடுத்துக்கொள்வோம். ஆறு வரிசைகளில் இரண்டில் அவர் முதலில் வருகிறார். அப்போது அவர் பொறுப்பு 3,000. மற்ற நான்கிலும் அவருக்கு முன்பே வண்டி பேசியாயிற்று. அவரால் கூடுதல் செலவு இல்லை. கூட்டுத்தொகை 6,000, ஆறால் வகுத்தால் 1,000. இவ்வாறே கணக்கிட்டால் சித்தப்பாவுக்கு 2,500, எங்களுக்கு 5,500. கூட்டினால் 9,000, கணக்குச் சரி.

இதனைக் குறுக்கு வழியிலும் காணலாம். பர்லியாருக்குக் கீழுள்ள பாதையை மூவரும் பயன்படுத்துகின்றனர். அதன் 3,000ஐ மூன்றாகப் பிரிக்கலாம். குன்னூர் முதல் பர்லியார் வரை இருவர். அந்த 3,000ஐ இரண்டாக்கலாம். பிக்கட்டி முதல் குன்னூர் வரை நாங்கள் மட்டுமே. அது முழுதும் எங்களுடையது. விடை அதேதான். சிறிய விமானமும் பெரிய விமானமும் ஒரே ஓடுதளத்தைப் பயன்படுத்தும்போது கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்னும் வினாவுக்கு, லிட்டில்சைல்டு, ஓவன் என்னும் இருவர் 1973இல் இவ்விடையையே எழுதினர்.

அத்தையின் கேள்வி

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, பெருமையோடு சித்தப்பா வீட்டில் எல்லோர் முன்னும் படித்துக் காட்டினேன். அப்பா பேசாமல் இருந்தார். 5,500 என்பது எங்கள் வீட்டுக்குச் சிறிய தொகையன்று. அத்தை தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மருமகனே, கணக்கெல்லாம் சரிதான். உங்க ஊரு தூரத்துல இருக்கறது உங்கப்பன் செஞ்ச குத்தமாடா? ஆளுக்கு மூவாயிரம் போடுவோம்."

"தங்கச்சி காசுல நான் வண்டி ஏற மாட்டேன்," என்றார் அப்பா.

அன்றிரவு அந்தத் தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அத்தை சொன்னது கணிதத்துக்கு மாறானதா? இல்லை! ஆளுக்கு 3,000 என்றாலும், அத்தை தனியே போனால் ஆகும் தொகையைவிட அது அதிகமன்று. அத்தையும் சித்தப்பாவும் இருவராகச் சேர்ந்து போனாலும் 6,000 ஆகும். இப்போது அவர்கள் இருவர் பங்கும் சேர்ந்து அதே 6,000. ஆகவே ஒருவருக்கும் நட்டமில்லை. அத்தையிடம் அதற்குமேல் ஒரு ரூபாய் கேட்டிருந்தால் மட்டுமே அவர் தனியே போவது மேல் என்று ஆகியிருக்கும். யாரும் பிரிந்து போகத் தூண்டப்படாத இந்த எல்லைக்குள் எத்தனையோ விடைகள் உள்ளன. கணிதம் வேலி போடுகிறது. வேலிக்குள் எந்த இடத்தில் நிற்பது என்பதை உறவே முடிவு செய்கிறது. இவ்வுண்மையை நான் பாடப் புத்தகத்தில் கற்கவில்லை, அத்தையிடம் கற்றேன்.

முடிவில் நாங்கள் 4,000, சித்தப்பா 3,000, அத்தை 2,000 என்று ஒப்புக்கொண்டோம். அம்மா விடியற்காலை எழுந்து அனைவருக்கும் புளிச்சோறு கட்டினார். கல்லாற்றில் வண்டியை நிறுத்தி உண்டோம். அந்தச் சோற்றை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை.

சீட்டு முறையும் துண்டுச் சீட்டு முறையும்

உறவினரிடையே விட்டுக்கொடுத்தல் இயலும். நண்பரிடையே என் செய்வது? நம்மவர் கண்ட வழி சீட்டு. பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் இவ்வாறு சிறுகச் சேர்த்துச் சென்றவர் எத்தனையோ பேர். ஏலச் சீட்டு நடத்துவோர் 1982ஆம் ஆண்டுச் சிட் நிதிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். நான் சொல்வது அதுவன்று; வெறும் சேமிப்பு. வாரம் 50 ரூபாய் வீதம் 20 வாரங்கள் சேர்த்தால் ஒருவருக்கு 1,000 ரூபாய் ஆகிறது. ஒரே நாளில் 1,000 கேட்டால் வரும் 'காய்ச்சல்', வாரம் 50 கேட்டால் பெரும்பாலும் வருவதில்லை.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. இடத்தை முடிவு செய்துவிட்டுப் பணம் கேட்பதே நம் வழக்கம். அதனைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. அதில் பெயர் எழுதாமல், தன்னால் இயன்ற தொகையை மட்டும் எழுதிப் பெட்டியில் போடுவது. அவற்றுள் மிகக் குறைந்த தொகை எதுவோ, அதற்குள் அடங்கும் இடத்தைத் தேர்வது. பூங்கா அடங்கினால் பூங்கா. அடங்காவிட்டால் அவலாஞ்சிப் பக்கம் ஒரு நாள் போய்வரலாம். இவ்வாண்டு எங்கள் குழு அவ்வாறே செய்தது. எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் புறப்பட்ட அன்று ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

முடிவுரை

திருக்குறளில் ஒப்புரவறிதல் இருபத்திரண்டாம் அதிகாரம்; ஈகை அதற்கு அடுத்தது. கொடுப்பதற்கு முன் ஒத்து வாழ அறிதல் வேண்டும் என்று இவ்வரிசையை நான் பொருள் கொள்கிறேன். செலவைப் பங்கிடும்போது சம பங்கு, பயன், தூரம், இயன்ற அளவு என்னும் நான்கையும் எண்ணிப் பார்ப்போம். கணக்கைப் புறப்படுவதற்கு முன்பே பேசி முடிப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, வராதவன் ஏன் வரவில்லை என்று ஒரு முறையேனும் நினைத்துப் பார்ப்போம். அவனுக்குத் தண்ணீர் என்றால் பயமாக இருக்க வேண்டும் என்பதில்லை.