கண்காட்சியில் கண்ணுக்கு, நர்சரியில் மாடிக்கு

தை பிறந்து, விடியற்காலைக் குளிர் இன்னும் மிச்சம் இருக்கும்போதே சென்னைக்காரர்களுக்குச் செடி ஆசை வந்துவிடும். ஸ்டேட்டஸ் முழுக்கப் பெட்டூனியாதான். உனக்கும் வந்துவிட்டது என்று நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்ததுமே புரிந்தது. "எங்கே போகலாம், என்ன வாங்கலாம்?" என்று கேட்டாய் அல்லவா? முதலில் என்ன வாங்கக் கூடாது என்று சொல்கிறேன். அதில்தான் காசு மிச்சமாகும்.

குளிர்நாட்டில் வசந்தம் என்றால் உறைபனி விலகி வெயில் வருகிற காலம். அங்கே அப்போது வாங்கி நட்டால் செடிக்கு இனி நல்ல காலம்தான். நம் ஊரில் தை, மாசி கண்ணுக்குத்தான் வசந்தம். செடிக்கு இனிமேல்தான் சோதனை. பிப்ரவரியில் நீ வாங்கும் தொட்டி, வேர் பிடிக்கிறதுக்குள் பங்குனி வெயில், அதற்கப்புறம் மே மாதத்துக் கத்திரி. பெட்டூனியா, டயாந்தஸ், ஃப்ளாக்ஸ் எல்லாம் குளிர்காலப் பூக்கள். நீ பார்க்கும்போது உச்சத்தில் இருக்கும். கடைக்காரரும் உச்ச விலைதான் சொல்வார். ஏப்ரலில் சருகாகிவிடும். உன் கைராசியைக் குறை சொல்லிக்கொள்ளாதே. அவற்றின் ஆயுசே அவ்வளவுதான்.

அதற்காகக் கண்காட்சிக்குப் போகாதே என்று சொல்லவில்லை. கண்டிப்பாகப் போ. கதீட்ரல் சாலையில், பழைய டிரைவ் இன் ஹோட்டல் இருந்த இடத்தில் 2010-ல் திறந்த செம்மொழிப் பூங்காவில், சமீப ஆண்டுகளாகத் தோட்டக்கலைத் துறை ஜனவரி, பிப்ரவரி வாக்கில் மலர்க் கண்காட்சி வைக்கிறது. ஞாயிறு சாயங்காலம் போனால் பூவுக்குப் பதில் செல்ஃபி எடுப்பவர்களின் முதுகைத்தான் பார்ப்பாய். வார நாளில், காலையில், கூட்டம் சேர்வதற்கு முன் போ. பூவால் செய்த யானையையும் மயிலையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஓரத்துக்கு வந்துவிடு. விஷயம் அங்கேதான் இருக்கும்: எந்தச் செடியை நேர் வெயிலில் வைத்திருக்கிறார்கள், எதைப் பச்சை வலைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள் என்று பார். பெயர்ப் பலகையோடு சேர்த்து போட்டோ எடு. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் தோட்டக்கார அம்மாவிடம், "இது வெயில் தாங்குமாம்மா?" என்று கேட்டுப் பார். ஸ்டாலில் இருப்பவர் சொல்லாததை அவர் சொல்வார்.

பெங்களூரு லால்பாக் கண்காட்சிக்கும் போக ஆசைப்படுகிறாய். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும். 1889-ல் கட்டிய கண்ணாடி மாளிகையைப் பார்க்கவாவது ஒரு தடவை போய் வரலாம். ஆனால் அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சிரிக்கிற செடி உன் வேளச்சேரி மொட்டை மாடியிலும் சிரிக்கும் என்று ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வராதே. நல்ல கத்தரிக்கோல், கைக்கொத்து, பூவாளி இருந்தால் வாங்கிக்கொள்.

சரி, நர்சரி. ஈ.சி.ஆரில் நீலாங்கரை தாண்டியதும் சாலையோரம் வரிசையாக வரும். முதல் கடையிலேயே வண்டியை நிறுத்தாதே. மூன்று, நான்கு கடை ஏறி இறங்கி விலை கேள். இங்கே விற்கும் செடிகளில் நிறைய ஆந்திராவிலிருந்து, ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருபவை. அதனால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, "லோடு எப்போ வந்துச்சு அண்ணா?" என்பதுதான். நேற்று வந்த செடி பளபளவென்று இருக்கும். பிரயாணக் களைப்பு அதற்கு உன் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும், இலையாக உதிர்க்கும். கடையிலேயே இரண்டு வாரம் நின்று, புதுத் துளிர் விட்டிருக்கிற செடியை எடு. பார்க்கக் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

ரோஜாவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நீ எப்படியும் வாங்கத்தான் போகிறாய். பூவைப் பார்க்காதே, தண்டின் அடியைப் பார். ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு முடிச்சு இருக்கும், சில சமயம் பிளாஸ்டிக் நாடாகூட அவிழ்க்காமல் சுற்றியிருக்கும். துளிர்கள் அந்த முடிச்சுக்கு மேலேயிருந்து வர வேண்டும். கீழேயிருந்து ஒரு கிளை நெடுநெடுவென்று கிளம்பியிருந்தால் அது அடிச்செடியின் கிளை. சத்தையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும், நீ காசு கொடுத்த ரகம் பட்டுப்போகும். அப்புறம் இலையைத் திருப்பிப் பார். பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. நுண்ணிய வலை பின்னியிருந்தால் சிலந்திப்பேன், வெயில் ஏற ஏற பெருகும். இரண்டில் எது இருந்தாலும் அந்தச் செடியை மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் செடிகளையும் விட்டுவிடு. கடைசியாகப் பையைத் தூக்கி அடியில் பார்: ஓட்டை வழியே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்லது. கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடு.

மாசியில் தைரியமாக வாங்கக்கூடியவை காகிதப்பூ, அரளி, அடீனியம், நந்தியாவட்டை, இட்லிப்பூ. வெயிலைக் கண்டு பயப்படாத கூட்டம். மல்லிகைக்கும் இதுதான் வாசல் திறக்கும் மாதம். குண்டுமல்லிப் பதியன்களுக்கு ராமேசுவரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம் பேர்போன ஊர்; "ராமநாதபுரம் மல்லியா?" என்று கேட்டு வாங்கு. மொட்டு நிறைந்த ஒற்றைக் குச்சியைவிட, மொட்டே இல்லாமல் நாலைந்து கிளை விட்டது மேல். நவம்பர் கடைசியில் மறக்காமல் கவாத்து பண்ணினால் அடுத்த மார்ச்சில் பறித்து மாளாது.

காய்கறி நாற்று ட்ரேயில் முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் இப்போதும் வைத்திருப்பார்கள். அவற்றைத் தாண்டிப் போய்விடு. இது வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, கீரைக்கான நேரம். இவற்றுக்கு நாற்றே வேண்டாம், விதை போதும். விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படி. முளைப்புத்திறன் சோதித்த தேதியிலிருந்து 9 மாதம்தான் செல்லுபடிக் காலம். நாட்டு விதைச் சந்தைகளில் காகிதப் பொட்டலமாகத்தான் தருவார்கள், தேதி இருக்காது. எந்த அறுவடை என்று வாயால் கேட்டுக்கொள். வீட்டுக்கு வந்து 10 விதையை ஈரத்துணியில் முடிந்து வை. ஏழு விதையாவது முளைத்தால்தான் மண்ணில் போடு.

மண்ணில் ஏமாறாதே. 'ரெடி மிக்ஸ்' என்று விற்கும் மூட்டையைப் பிரித்துக் கையை விட்டுப் பார். பஞ்சு மாதிரி லேசாக இருந்தால் அது முக்கால்வாசி தென்னை நார்க்கழிவு. செம்மண், மண்புழு உரம், நார்க்கழிவு மூன்றையும் தனித்தனியாக வாங்கிச் சம பங்கு கலந்து, இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு போட்டால் போதும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் 'மாடித் தோட்டத் தளை'யையும் விசாரி. வளர்ப்புப் பை, நார்க்கட்டி, காய்கறி விதை, உயிர் உரம் என்று தொடங்குகிறவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரே தொகுப்பில் இருக்கும். எல்லா நாளும் இருப்பில் இருக்காது, கேட்டுவிட்டுப் போ.

வீட்டுக்கு வந்த அன்றே தொட்டி மாற்ற உட்காராதே. நாலைந்து நாள் நிழலில், மற்ற செடிகளிலிருந்து தள்ளி வை. பூச்சி இருந்தால் அதற்குள் வெளியே வந்துவிடும், வேப்பெண்ணெய் தெளித்துக்கொள்ளலாம். மாற்றும்போது கவனி, லோடில் வரும் செடிகள் பலவற்றில் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டையாக இறுகியிருக்கும். அதை அப்படியே நட்டால் நீ ஊற்றுகிற தண்ணீர் உருண்டையைச் சுற்றி ஓடிப்போகும், நடுவில் வேர் காய்ந்து சாகும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊற விட்டு, வெளி மண்ணை மட்டும் விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு, சாயங்காலமாக நடு. முழு வேரையும் அலம்பி எடுக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு அந்த வேலையைச் செய்யாதே.

இவ்வளவு சொல்லியும் பெட்டூனியா வாங்கத்தான் வாங்குவாய். ஒரே ஒரு தொட்டி வாங்கிக்கொள், பங்குனி வரை பார்த்து ரசி, வாடியதும் உரக்குழியில் போட்டுவிடு. கையில் இருக்கும் பணத்தில் பாதியை ஆடிக்கு வை. பெரிய செடிகளுக்கு அதுதான் மாதம். ஈ.சி.ஆர். போகிற அன்று காரின் பின்சீட்டில் பழைய பெட்ஷீட் விரித்துக்கொள், எனக்கும் ஒரு செங்காம்புக் கறிவேப்பிலைக் கன்று எடுத்து வா. அடியில் வேர் பார்த்து எடு.