சீட்டு ரெண்டு, நோட்டு ஒண்ணு

மொதல்ல இதைக் கேட்டுக்கோ தங்கச்சி. பையனை டாக்டர்கிட்ட காட்டக் கூட்டிக்கிட்டு அஞ்செட்டியில பஸ் ஏறுற அன்னைக்கு வெறுங்கையோட ஏறாதே. நான் அப்படித்தான் போனேன். பதினஞ்சே நிமிஷம், ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறுன்னு சொல்லிச் சீட்டு எழுதிக் கையில குடுத்துட்டாங்க. வீட்டையே தலைகீழாக்குற என் பையன் அங்கே மீன் தொட்டியைப் பார்த்துக்கிட்டு சாது மாதிரி உட்கார்ந்திருந்தான். அவங்க எதைப் பார்த்து எழுதினாங்கன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியலை. பெறகு வேற இடத்துல ரெண்டு மூணு தடவை போய் முறையாப் பார்த்தப்போதான், நாம கொண்டு போற விவரத்தை வெச்சுத்தான் பாதி முடிவே நடக்குதுன்னு புரிஞ்சது.

இந்தக் கோளாறை ரத்தத்துலயோ ஸ்கேன்லயோ கண்டுபிடிக்க முடியாது. டாக்டருங்க வெச்சிருக்கிற கணக்கு இதுதான்: கவனம் சம்பந்தமா ஒம்பது அறிகுறி, துறுதுறுப்பு, அவசரம் சம்பந்தமா ஒம்பது. பிள்ளைங்களுக்கு ஏதாவது ஒரு பக்கத்துல ஆறாவது இருக்கணும், பதினேழு வயசு ஆயிட்டா அஞ்சு. ஆறு மாசமா இருக்கணும். பன்னெண்டு வயசுக்குள்ள ஆரம்பிச்சிருக்கணும். வீடு, ஸ்கூல்னு குறைஞ்சது ரெண்டு இடத்துல தெரியணும். கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம். வீட்டுல மட்டும் ஆட்டம்னா காரணம் வீட்டுல இருக்கலாம், ஸ்கூல்ல மட்டும்னா கணக்குப் பாடத்துலயோ கண்ணாடி போடாத கண்ணுலயோ இருக்கலாம். அதனால டீச்சர்கிட்ட ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கோ. ‘சேட்டை அதிகம்’னு ஒரே வரியில எழுதிக் குடுத்தா வாங்காதே. எத்தனை நிமிஷம் உட்கார்றான், போர்டுல இருக்கிறதை முழுசா எழுதுறானா, பென்சில் எத்தனை தொலைக்கிறான்னு எழுதச் சொல்லு. ரெண்டாங்கிளாஸ் நோட்டு ஒண்ணு, இந்த வருஷ நோட்டு ஒண்ணு எடுத்து வெச்சுக்கோ. காது, கண்ணு, ரத்தசோகை இதெல்லாம் முன்னாடியே பார்த்துடு. ராத்திரி வாயைத் திறந்துக்கிட்டுக் குறட்டை விடுறானா, பகல்ல பேசிக்கிட்டிருக்கிறப்போ நடுவுல சில விநாடி பேச்சு நின்னு வெறிச்சுப் பார்க்கிறானான்னும் கவனி. தூக்கம் கெட்டாலும், லேசான வலிப்பு இருந்தாலும் கவனக்குறைவு மாதிரியே தெரியும்.

உன் மாமியார் சொல்றாங்களே, ‘அவங்கப்பனும் சின்னதுல இப்படித்தான், இப்ப என்ன கெட்டுப்போச்சு’ன்னு. சண்டை போடாதே, அதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லு. இது குடும்பத்துல வர்ற விஷயம். உன் மாமியாருக்கே தெரியாம அவங்க நல்ல தகவல் குடுத்திருக்காங்க.

தனியார்ல போறதுன்னா யார்கிட்ட போறோம்னு தெரிஞ்சு போ. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சோதனை பண்ணி ரிப்போர்ட் எழுதுவாங்க, மாத்திரை எழுத மாட்டாங்க. அவங்களுக்கு ஆர்.சி.ஐ.ங்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கான்னு கேளு, கேட்டா கோவிச்சுக்கிறவங்ககிட்ட போகவே வேண்டாம். மாத்திரையை மனநல டாக்டரோ, இதுல பழக்கமுள்ள குழந்தை டாக்டரோதான் எழுதணும். பீஸையும் போன்லயே பிரிச்சுக் கேட்டுடு: பார்க்கிறதுக்கு எவ்வளவு, ஐ.க்யூ. டெஸ்ட் தனியா, ரிப்போர்ட் தனியான்னு.

தனியார்தான் ஒரே வழின்னும் நினைக்காதே. ஸ்கூலுக்கு வர்ற அரசு மெடிக்கல் டீம் பார்க்க வேண்டிய முப்பது வகைக் குறைபாட்டுல இதுவும் ஒண்ணு. அவங்க சீட்டு குடுத்தா மாவட்டத்து டி.இ.ஐ.சி.ங்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துல பணம் இல்லாம பார்ப்பாங்க, கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில விசாரி. பெங்களூரு நிம்ஹான்ஸ் இருக்கிறது ஓசூர் ரோட்டு மேலயே. கூட்டம் இருக்கும், ஒரு நாளை முழுசா ஒதுக்கிட்டுப் போகணும், ஆனா குழந்தைகளுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. போறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி போன். தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

நம்ம பக்கத்துக்காரங்க மறந்துடுற ஒண்ணு பாஷை. உன் பையன் வீட்டுல தெலுங்கு, தெருவுல கன்னடம், ஸ்கூல்ல தமிழ். பெங்களூருல கன்னடத்துலயோ இங்கிலீஷ்லயோ சோதனை வெச்சா, புரியாததை எல்லாம் கவனிக்காததுன்னு எழுதிடுவாங்க. ‘இவனுக்கு எந்த பாஷை நல்லா வரும்’னு முதல் நிமிஷத்துலயே சொல்லிடு, ரிப்போர்ட்லயும் எந்த பாஷையில பண்ணினாங்கன்னு எழுதச் சொல்லு.

இனி மாத்திரை. வெளிநாட்டுக்காரங்க வீடியோவுல அடெரால்னு சொல்றது இங்கே கிடையாது. நம்ம ஊர்ல பெரும்பாலும் ரெண்டு பேருதான் காதுல விழும்: மெத்தில்பெனிடேட், அட்டமாக்செட்டின். மெத்தில்பெனிடேட்டை 1944-ல சீபா கம்பெனியில உருவாக்கின பானிசோன், தன் மனைவி ரீட்டா பேரால ரிட்டலின்னு பேர் வெச்சார். பொண்டாட்டி பேரை மாத்திரைக்கு வெச்ச மனுஷன்!

மெத்தில்பெனிடேட் இங்கே ‘ஷெட்யூல் எக்ஸ்’ல இருக்கு. அதனால சீட்டு ரெண்டு காப்பியா வேணும், ஒண்ணைக் கடைக்காரர் வாங்கி ரெண்டு வருஷம் வெச்சிருக்கணும், மாத்திரையைப் பூட்டித்தான் வைக்கணும். எல்லா மெடிக்கல்லயும் இருக்காது, தனி லைசென்ஸ் வேணும். அஞ்செட்டியில தேடி அலையாதே. டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி பார்மசியிலேயே அன்னைக்கே வாங்கிடு, ரெண்டு காப்பியா எழுதியிருக்கான்னு அறையை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடி பாரு. நான் ஒரு தடவை ஒத்தக் காப்பியோட வந்து, மறுபடியும் அத்தனை தூரம் போய் வந்தேன். வீடியோ கால்ல இதை எழுதக் கூடாதுன்னு 2020-ல வந்த டெலிமெடிசின் விதியே சொல்லுது. அப்படி எழுதித் தர்றேன்னு யாராவது சொன்னா ஒதுங்கிடு. அட்டமாக்செட்டினுக்கு இந்தக் கெடுபிடி இல்லை.

இத்தனை பூட்டு சாவியைப் பார்த்துட்டு இது போதை மாத்திரைன்னு உன் வீட்டுக்காரர் பயப்படுவார். டாக்டர் சொன்ன அளவுல குடுக்குறப்போ பிள்ளை அதுக்கு அடிமையாகறது அரிது. பூட்டெல்லாம் வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னுதான். வீட்டுலயும் பீரோவுல வெச்சுப் பூட்டு.

அளவு விஷயத்துல யாரோட பையனோடயும் ஒப்பிடாதே. மெத்தில்பெனிடேட்டை அஞ்சு மி.கி. மாதிரி சின்ன அளவுல ஆரம்பிச்சு, வாரத்துக்கு ஒரு படியா, பலன் தெரிஞ்சு தொந்தரவு தாங்குற இடம் வரைக்கும் ஏத்துவாங்க. ஒல்லிப் பிள்ளைக்குக் கூடவும் குண்டுப் பிள்ளைக்குக் குறைச்சலும் தேவைப்படலாம். அட்டமாக்செட்டினோட கதை வேற. உடம்பு எடைக்குக் கணக்குப் போட்டுக் குடுப்பாங்க, பலன் தெரிய நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகும். ‘பத்து நாளா ஒண்ணும் காணோம்’னு நீயா நிறுத்திடாதே. அந்தக் காப்ஸ்யூலைப் பிரிச்சுக் கொட்டியும் குடுக்காதே.

நான் பண்ணின தப்பைச் சொல்றேன். மெதுவா கரையுற மாத்திரை ஒண்ணு எழுதியிருந்தாங்க. பசிக்கலைன்னு சொல்றானேன்னு நானே பாதியா உடைச்சு, காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு குடுத்தேன். கரையுற கணக்கே கெட்டுப்போச்சு. காலையில படபடப்பு, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் கண்ணு மூடலை. உடைக்கலாமான்னு கேட்காம எதையும் உடைக்காதே.

ஒரு நாற்பது பக்க நோட்டு போடு. நேரம், மாத்திரை, சாப்பாடு, தூங்கின நேரம், டீச்சர் சொன்னது, சாயங்காலம் எப்படி இருந்தான், ஒரு நாளுக்கு இவ்வளவுதான். சாயங்காலத்தை விட்டுடாதே. மாத்திரை இறங்குற நேரத்துல சில பிள்ளைங்க அழும், கோபப்படும். சாதா மாத்திரை நாலு மணி நேரம்தான் நிக்கும். அந்த நேரத்தை எழுதியிருந்தா ‘மருந்து ஒத்துக்கலை’ங்கிற முடிவுக்குப் போகாம, நேரத்தை மாத்தலாமான்னு டாக்டர் யோசிப்பார். மாசம் ஒரு தடவை ஒரே மெஷின்ல எடை, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உயரம், அளவு மாத்துறப்போ எல்லாம் நாடியும் பிரஷரும் பார்க்கச் சொல்லு. வீட்டுல யாராவது இளவயசுல திடீர்னு நெஞ்சடைச்சுப் போயிருந்தா மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லணும். நெஞ்சு வலி, மயக்கம், கண்ணு மஞ்சளாகிறது, சாகணும்னு பேசறது, இதுக்கெல்லாம் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதே, அன்னைக்கே போ.

மத்தியானம் பசி போயிடும். சத்துணவு முட்டை அப்படியே திரும்பி வரும், திட்டாதே. காலை உணவுத் திட்டத்துல ஸ்கூல்லயே சாப்பிடுறான்ல, மாத்திரையை முன்னாடியே குடுத்துட்டா அதுவும் இறங்காது. வீட்டுல ராகிக் களியோ கூழோ வயித்துக்குப் போன பெறகு மாத்திரை. ராத்திரி மருந்து இறங்கினதும் பசி வரும், அப்போ நெய் ஊத்திச் சோறு போடு. லீவு நாள்ல மாத்திரை நிறுத்தலாமாங்கிறதையும் டாக்டர்தான் சொல்லணும்.

மாமியார் சொன்னதை வெச்சு உன் வீட்டுக்காரரையும் டாக்டர்கிட்ட காட்டுறதுன்னா அவரோட ஷிப்ட் கணக்கை எழுதிக்கிட்டுப் போகணும். நைட் ஷிப்ட் வாரத்துல காலை மாத்திரைன்னா எந்தக் காலைன்னு கேட்கணும்ல.

சாயங்காலம் திரும்பறப்போ லேட் பண்ணாதே, தேன்கனிக்கோட்டைக்கு அப்புறம் காட்டு ரோடு, யானை நின்னுச்சுன்னா பையனோட பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கணும். காலையில மொத பஸ்ஸைப் பிடிச்சு வா. ஓசூர் பஸ் ஸ்டாண்டுல நான் நிக்கிறேன். டீச்சர் எழுதின பேப்பரை மட்டும் ஞாயித்துக்கிழமையே போட்டோ எடுத்து அனுப்பிடு, நான் படிச்சுப் பார்க்கிறேன்.