மாட்டுக்கு ஆகாதது மீனுக்கும் ஆகாது

திருத்தணி பக்கம் பண்ணைக்குட்டை வெட்டி கட்லா, ரோகு, மிர்கால் விடத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, குஞ்சு வாங்குவது, தண்ணீர் பார்ப்பது பற்றியெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். தீவன மூட்டையைப் பற்றிச் சொல்வோர் குறைவு.

1. மாடு முகர்ந்து ஒதுக்கிய புண்ணாக்கைக் குட்டையில் கொட்டாதீர்கள். நம் வட்டாரத்தில் நடக்கும் பெரிய தவறு இதுதான். நனைந்து பூஞ்சணம் பிடித்த மூட்டையைக் கறவை மாட்டுக்கு வைக்க யாருக்கும் மனம் வராது. தூக்கியெறியவும் மனம் வராது. "மீன்தானே, தின்னட்டும்" என்று குட்டைக்கு அனுப்பிவிடுகிறார்கள். மாடு மெலிந்தால் கண்ணில் படும். தண்ணீருக்கு அடியில் மீன் மெலிவது யார் கண்ணில் படும்?

2. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கில் சேரும் நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, தவிடு ஆகியவற்றில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் அதை உண்டாக்குகிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் ட்ரவுட் மீன்களுக்கு ஈரலில் கட்டி வந்தது. அங்கே பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. தீவனத்தில் 100 கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே ட்ரவுட்டுக்கு ஈரல் புற்று வருகிறது என்று சோதனைகள் காட்டின. நம் கெண்டைகள் அவ்வளவு நொய்மையானவை அல்ல. அதனால்தான் ஏமாந்து போகிறோம். மீன் சாகாது, தின்ற தீவனத்துக்கு எடை ஏறாது, செவுள் வெளுக்கும், சின்ன நோய் வந்தாலும் தாங்காது. பழியைக் குஞ்சு விற்றவர் மேல் போடுவோம்.

3. வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். கொதிநீரின் சூட்டில் பூஞ்சணம் சாகும், நஞ்சு அழியாது. பச்சையாகப் பூத்த இடத்தைச் சுரண்டிவிட்டு மிச்சத்தைப் போடுவதும் வீண். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் புண்ணாக்கிலும் நஞ்சு இருக்கலாம்.

4. செக்கில் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பங்கு எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். எந்தக் கடலையை ஆட்டினார்கள் என்று கேட்டு வாங்குங்கள். சொத்தை, சுருங்கல், நிறம் மாறிய பருப்பு ஆட்டிய புண்ணாக்கு விலை மலிவாகத்தான் கிடைக்கும். வேண்டாம்.

5. மூட்டையை மோட்டார் கொட்டகையில் வைக்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் வைக்கிறார்கள், கைக்கு எட்டும் என்று. ஈரத்தரை, கசியும் குழாய், மூடிய சுவர்: பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. காற்றோடும் அறையில் மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே வியர்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரத் தேவைக்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டாம். பழைய மூட்டை முதலில் தீரட்டும். மிதவைத் தீவனம் வாங்குகிறவர்களுக்கும் இதே விதிதான். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

6. ஊறவைத்த புண்ணாக்கும் தவிடும் அன்றன்றைக்கே தீர வேண்டும்.

7. சந்தேகம் வந்தால் சோதனைக்கு அனுப்புங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, ஆலோசனை கேட்கலாம். நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஆகவே பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று அள்ளிக் கலந்து அனுப்புங்கள்.

8. நஞ்சு மீனின் சதையைவிட ஈரலில்தான் அதிகம் தங்கும். குடல், ஈரலைக் கோழிக்குப் போடாதீர்கள்.

9. கெட்ட மூட்டையை விற்காதீர்கள், இலவசமாகவும் யாருக்கும் கொடுக்காதீர்கள். 1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வேறு தானியம் வாங்க வழியில்லாத ஏழைகள் அவர்கள். உங்கள் மூட்டைக்குப் போட்ட காசு போனால் போகட்டும். கிணற்றுக்கும் குட்டைக்கும் எட்டத்தில் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.