பம்ப்பின் மேல் பழி

நின்ற இடத்திலேயே திரும்பி மண் அள்ளும் ஸ்கிட் ஸ்டீர் லோடரை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். அதன் தூக்குக் கரம் தளர்ந்தால் உடனே பம்ப்பைத்தான் பழிப்பர். கோடைப் பயிற்சியின்போது நானும் அவ்வாறே பழித்து, ஒரு பகல் முழுதும் பாடுபட்டுப் பம்ப்பைக் கழற்றினேன். அதில் பழுதே இல்லை!

முதற்கண் காண வேண்டியது இதுவே: கரம் மட்டும் தளர்ந்ததா, பக்கெட்டும் சேர்ந்து தளர்ந்ததா? கரம் மட்டுமாயின், அதன் சிலிண்டர் சீலையும் வால்வையும் பாருங்கள். இரண்டுமாயின், எண்ணெய் அளவு, வடிகட்டி, ரிலீப் வால்வு, பம்ப் கடைசியில்தான். அளவு சரியாயிருந்தும் எண்ணெய் நுரைத்தால், எங்கோ காற்றுப் புகுகிறது. அன்று குற்றவாளி, தொட்டியிலிருந்து பம்ப்புக்குச் செல்லும் உறிஞ்சுகுழாயின் தளர்ந்த கிளாம்ப். பொறி ஓடும்போது அவ்விடத்தில் எண்ணெய் சொட்டாது; காற்றுத்தான் உள்ளே போகும். ஆகவே என் கண்ணுக்குத் தப்பிற்று.

பம்ப்புக்கு அப்பாலுள்ள குழாய்களிலோ அழுத்தம் 200 பார் அளவுக்கு ஏறும். அங்கே கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் கொசுக்கடி போலத்தான் தோன்றும்; வலியும் முதலில் பெரிதாய் இராது. அதை நம்பிவிடாமல் அப்பொழுதே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தாமதித்தால் விரலையே வெட்டியெடுக்க நேரும்.