நத்தார்க் காலத்தில் பூச்சாடிகள்

நத்தார் நெருங்கியதும் முற்றத்துப் பூச்சாடிகளைத் தூக்கிவந்து பாலன் குடிலைச் சுற்றி அடுக்குகிறோம். மூவிராசாக்கள் திருநாளாகிய ஜனவரி 6 வரை அவை உள்ளேயே இருந்துவிடுகின்றன. பின்னர் பங்குனியில் குரோட்டனின் இலைநுனி கருகும்போது வெயிலைக் குறை சொல்கிறோம். காரணம் பெரும்பாலும் உப்பே.

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எங்கும் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதனூடாக இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. ஆகவே பல கிணறுகள் உவர். கோடையில் அந்நீரை ஊற்ற ஊற்ற, நீர் ஆவியாகிப் போக, உப்பு சாடியில் தங்குகிறது. விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுவே. (சாம்பல் போட்டால் சரியாகும் என்பார் சிலர், சாம்பலிலும் உப்பு உண்டு!)

இதைக் கழுவ நமக்குக் கிடைப்பது ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரி மழைதான். அந்த நாட்களிலா சாடியை உள்ளே வைப்பது? 2 நாளைக்கு ஒருமுறை குடிலில் உள்ளவற்றை மழைக்கு விட்டு, வேறு சாடிகளை மாற்றி வைப்போம். அடித்துளையை ஈர்க்கால் குத்தித் திறந்து, சாடியை இரு கற்களின் மேல் நிறுத்தினால் உப்புநீர் வழிந்தோடும். நிலசம்பங்கி போன்ற கிழங்குச் செடிகளோ நீர் தேங்கினால் அழுகிவிடும். உள்ளே வைக்கும் சாடிக்குக் கீழுள்ள தட்டை நாள்தோறும் கவிழ்க்க வேண்டும். டெங்கு நுளம்புக்கு அந்த நீரே போதும். மழை விட்ட நாளில், பீலியில் பிடித்த நீரை அடியால் வழியும்வரை ஊற்றலாம். குடிப்பதற்கென்று சேமித்ததில் மட்டும் கைவைக்க வேண்டாம்.