சோனாரில் காணாமல் போகும் கப்பல்

கேள்வி: நானும் மகனும் 'கோல்ட் வாட்டர்ஸ்' என்ற நீர்மூழ்கி விளையாட்டை விளையாடி வருகிறோம். ஆறேழு கிலோமீற்றர் தள்ளித் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்த எதிரிக் கப்பல், நாங்கள் கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கியதும் அப்படியே காணாமல் போகிறது. விளையாட்டில் கோளாறு என்கிறான் மகன். உண்மையான சோனாரும் இப்படித்தானா? இதைவிட நிஜத்துக்கு நெருக்கமான விளையாட்டு உண்டா?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: கோளாறு இல்லை. அந்த விளையாட்டு மிகச் சரியாகச் செய்திருக்கும் வேலையே அதுதான்.

நீர்மூழ்கி பெரும்பாலும் ஒலி அனுப்பித் தேடுவதில்லை. 'பிங்' என்று ஒருமுறை அனுப்பினால் தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிவிட்டதாகும். அதனால் சும்மா கிடந்து காது கொடுக்கும். மட்டக்களப்புக் கல்லடியில் துடுப்பை வாவிக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்து மீன்பாட்டுக் கேட்ட எம்மவருக்கு இந்த வித்தை புதிதல்ல. சிக்கல் எங்கே என்றால், நீருக்குள் ஒலி நேர்கோட்டில் போவதில்லை.

ஓகஸ்ட் மாதத்தில் ஒன்ராறியோ ஏரியின் மேல்நீர் ஏறக்குறைய 20 பாகை செல்சியஸ் இருக்கும். அடியில் 4 பாகைதான். 20 பாகை நன்னீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,480 மீற்றர் ஓடும். 4 பாகையில் சுமார் 1,420. ஒலி எப்போதும் தன் வேகம் குறையும் பக்கமாகவே வளையும். ஆகவே மேல்நீரிலிருந்து கிளம்பும் சத்தம் குளிர்நீரை நோக்கிக் கீழே வளைந்து போய்விடும். தூரத்தில் அது எட்டாத ஒரு நிழல்பகுதி உண்டாகும். அங்கே நிற்பவருக்குக் கப்பல் அவ்வளவு தொலைவில் இல்லாவிட்டாலும் கேட்காது. கடலில் இதோடு உப்பும் அழுத்தமும் சேரும். மேலே நன்கு கலந்த நீரும் அதன் கீழே சட்டென்று குளிரும் நீரும் இருந்தால், கலந்த நீருக்குள் அழுத்தத்தால் ஒலி மேல்நோக்கி வளைவதால், மேலேயுள்ள சத்தத்தில் பெரும்பகுதி மேலேயே தங்கிவிடும். விளையாட்டில் 'அடுக்கு' எனப்படும் அந்த எல்லையைத் தாண்டி நீங்கள் இறங்கினீர்கள். கப்பலின் சத்தம் இறங்கவில்லை. அவர்களுக்கும் நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதுதான் இதிலுள்ள இலாபம்.

இதைக் கனடா பெரும் விலை கொடுத்துக் கற்றது. எங்கள் ஏரியின் நீர் சென் லோறன்ஸ் ஆறாக ஓடி, அதே பெயர்கொண்ட வளைகுடாவில் உப்புநீரின்மேல் படர்கிறது. அதன் கீழே கடுங்குளிர் நீர், அதற்கும் கீழே சற்றே வெப்பமான, உப்புக் கூடிய நீர். 1942இல் யூ-படகுகள் எனப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகள் இந்த அடுக்குகளுக்குள் புகுந்து ஒளிந்தன. 'அஸ்டிக்' எனப்பட்ட கனடியக் கடற்படையின் சோனார் கருவிகள் அங்கே திணறின. 1942 செப்டெம்பரில் அத்திலாந்திக் கடந்து போகும் கப்பல்களுக்கு அரசாங்கம் வளைகுடாவையே மூட வேண்டி வந்தது. ஒக்டோபர் 14 அதிகாலை, நியூபவுண்ட்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்த 'கரிபூ' பயணிகள் கப்பலை யூ-69 தாக்கி மூழ்கடித்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காவலுக்கு வந்த 'கிராண்ட்மேர்' போர்க்கப்பல், மேலே மிதந்த யூ-படகைக் கண்ணால் கண்டு மோதப் பாய்ந்தது. யூ-படகு நீருக்குள் இறங்கிய பிறகு அதை எந்தக் கருவியாலும் பிடிக்க முடியவில்லை, ஆழவெடிகளும் வீணாயின. விளையாட்டில் ஒரு புள்ளி மறைவதற்குப் பின்னால் இப்படியான இரவுகள் இருக்கின்றன என்பதை மகனுக்குச் சொல்லுங்கள்.

போருக்குப் பிறகு, 1950களில், சோனாரையே கம்பியில் கட்டி அடுக்குக்குக் கீழே இறக்கும் முறையைக் கனடிய விஞ்ஞானிகள் டார்ட்மத்தில் முனைந்து வளர்த்தார்கள். விளையாட்டில் சில எதிரிக் கப்பல்கள் உங்களை ஆழத்திலும் கண்டுபிடிப்பது இந்த வகைச் சோனாரால்தான்.

நிஜத்துக்கு இன்னும் நெருக்கம் வேண்டுமென்றால், 2005இல் வந்த 'டேஞ்சரஸ் வாட்டர்ஸ்' தேடுங்கள். அமெரிக்கக் கடற்படைக்கு வேலை செய்யும் சொனலிஸ்ட்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அதில் அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைப் பிரித்துக் காட்டும் ஒரு திரை உண்டு. நேரம் மேலிருந்து கீழே வழியும்; இரைச்சலுக்கு நடுவே மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரியும். 60 ஹேர்ட்ஸில் கோடு விழுந்தால் அமெரிக்கக் கப்பல் என்று ஊகிக்கலாம். 50இல் விழுந்தால் ரஷ்யக் கப்பல். கப்பலின் மின்பிறப்பாக்கி தரும் கோடு அது. உங்கள் தெருமுனை மின்மாற்றியின் ரீங்காரத்திலும் இதே விசயம் உண்டு: இங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், அதனால் அது அதன் இருமடங்கான 120இல் இரையும். யாழ்ப்பாணத்து மின்மாற்றி 100இல் இரையும்.

'கோல்ட் வாட்டர்ஸ்' சலுகை காட்டும் இடம் ஒன்று உண்டு. கேட்பதால் கிடைப்பது திசை மட்டுமே, தூரம் அல்ல. கிட்டத்தில் மெதுவாகப் போகும் கப்பலும் தொலைவில் விரைவாகப் போகும் கப்பலும் ஒரே மாதிரியான திசைமாற்றத்தைக் காட்டலாம். ஆகவே சில நிமிடம் ஒரு பாதையில் போய்த் திசைகளைக் குறித்து, பிறகு உங்கள் கப்பலையே திருப்பி மறுபடி குறித்தால்தான் இரண்டையும் பிரித்தறியலாம். 'கோல்ட் வாட்டர்ஸ்' இந்தக் கணக்கை ஒரு சதவீத எண்ணாகச் சுருக்கித் தந்துவிடுகிறது. 'டேஞ்சரஸ் வாட்டர்ஸ்' உங்கள் கையாலேயே கோடு பொருத்த விடுகிறது. பொறுமை சோதிக்கும் வேலை. சோனார் அறையின் உண்மையான உழைப்பும் அதுவே. ஆனால் எந்த விளையாட்டிலும் ஒரு கப்பல் எவ்வளவு சத்தம் போடும் என்ற எண்களை அப்படியே நம்பவேண்டாம். அவை கடற்படைகள் வெளியே விடாத இரகசியங்கள்.

அடுத்த முறை கப்பல் மறைந்தால் ஆயுதத்தைத் தொடவேண்டாம். நிலைமைத் திரையில் அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வேகத்தை ஐந்து நொட்டுக்குக் குறைத்து, அடுக்குக்குச் சற்று மேலே ஏறிக் கொஞ்ச நேரம் கேளுங்கள். திசை கிடைத்ததும் உடனே திரும்பக் கீழே இறங்கிவிடுங்கள்.